பேசிக்கொண்டே ஓடும் வேகம்

1973 செப்டம்பர் 5, புதன்

விடியும்போதே புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டுப் போய்விட்டது. சதுர்த்திப் பிள்ளையார் இன்னும் மாடத்தில். கிணற்றில் விடச் சொல்லிச் சரோஜா தினமும் சொல்கிறாள். களிமண் வெடித்து ஒரு காது விழுந்தாயிற்று. நாளை.

வாங்க வேண்டியவை: பிளேடு. சிவப்பு மை. வேட்டிக்கு நீலம். கான்வாஸ் ஷூ.

ஷூவுக்குக் காரணம் இது. மாலை வாசகசாலையில் ஆங்கிலப் பேப்பர். விளையாட்டுப் பக்கத்தின் அடியில் நாலு வரி. வரும் ஜனவரியில் பூனாவில் மராத்தான் ஓட்டம். இருபத்தாறு மைல். நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு. மடித்து வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் படித்தேன். வாசகசாலைக்காரர், "இன்னா சார், வேல காலி விளம்பரமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு நாற்பத்தேழு. கல்லூரியில் மூன்று மைல் ஓட்டத்தில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவன் வார்டனின் தங்கை மகன். வளைவில் கோட்டுக்கு உள்ளே புகுந்து ஓடினான். எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறப்பதற்கில்லை.

பூனா. வ. அங்கேதான் இருக்கிறாள்.

என் ஒரே மகள். மெட்ராசில் வேலைக்குப் போன இடத்தில் கூட வேலை செய்த மராத்திக்காரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவள். நாலு வருடம். எனக்கு வந்த கடிதங்களை நான் பிரிக்கவில்லை. பிறகு அவளும் எனக்கு எழுதுவதை விட்டுவிட்டாள். தாய்க்கு மட்டும் எழுதுகிறாள். ஒரு பெண் குழந்தை, மூன்று வயது ஆகப்போகிறதாம். நான் கேட்கவில்லை. சரோஜா சோறு போடும்போது சொல்கிறாள். காது இருக்கிறது, விழுகிறது.

மகளைப் பார்க்கப் போனான் என்று இந்தத் தெருவில் ஒருவனும் சொல்லக் கூடாது. ஓட்டத்துக்குப் போகிறேன். ஓட்டத்தைப் பூனாவில் வைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

செப்டம்பர் 6, வியாழன்

இருட்டு பிரிவதற்குள் கிளம்ப நினைத்தது. ஷூ லேஸ் சிக்கலில் தாமதம். வாசலுக்கு வந்தால் தெருவின் நீளத்துக்கும் பாவு. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் காலையில் தெரு தெருவாக இருக்காது, நெசவுக் கூடமாக இருக்கும். பட்டு இழைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துக் கட்டி ஆளுக்கொரு பக்கம் நின்று நேர் பார்க்கிறார்கள். பாவு அண்ணனுடையது.

அண்ணனோடு பேச்சு இல்லை. வ. போன அன்று பத்துப் பேர் நடுவில், "நூறு தடவ சொன்னேன், படிக்க வெக்காதன்னு" என்று சொன்ன வாய். இரண்டு வீடு தள்ளி வீடு. காக்கி நிஜாரோடு நான் வருவதைப் பார்த்துவிட்டு, என்னிடம் பேசாமல், நூல் பிடித்துக்கொண்டிருந்தவனிடம்:

"டேய் முருகேசா, வாத்தியார எவனோ தொரத்திக்கினு வரானாம். யார்னு பாரு."

"ஒருத்தரையும் காணுமேண்ணே."

"அதாம்பா சொல்றேன்."

நாலு பேர் சிரித்தார்கள். நான் சுற்றுவழியாகப் போனேன். பெங்களூர் ரோடு தொடும் முன்பே விலாவில் குத்தல். ஒரு புளியமரத்தடியில் குனிந்து நின்றேன். கீரைக்காரி நின்று பார்த்தாள். "இன்னா சார், வவுத்து வலியா? ஓமத் தண்ணி குடி."

இப்படி ஓடினால் ஜனவரிக்கு முன்னால் செத்துப்போவேன். முறையாகக் கற்க வேண்டும். ஒரு வழிகாட்டி தேவை.

பிள்ளையாரைக் கிணற்றில் விட்டாயிற்று.

செப்டம்பர் 8, சனி

அம்மன் கோயில் தெருப் புத்தகக் கடையில் தேடியது. கிடைத்தது ஒரே சிறு நூல். எழுதியவர் ஓர் இயற்கை வைத்தியர். ஓட்டம் என்ற தலைப்பில் இரண்டு பக்கம்தான், மீதி எல்லாம் குடல். ஓடுபவன் உப்பு தொடக் கூடாதாம். வேகாத தேங்காய், ஊறின வேர்க்கடலை, இடுப்புக் குளியல். "காமம், குரோதம் இரண்டையும் விட்டவன் காத தூரம் ஓடுவான்." முதலாவதற்கு இப்போது சிரமமில்லை. இரண்டாவதை விட்டால் என்னிடம் என்ன மிஞ்சும்.

உடற்பயிற்சி ஆசிரியர் பலராமனிடம் ஆங்கிலப் புத்தகம் இருக்கிறது, தெரியும். அவர் அலமாரிக் கண்ணாடி வழியாகப் புத்தகத்தின் முதுகு தெரிகிறது. கேட்க மாட்டேன். வ. ஓர் ஆணோடு மெட்ராஸ் பீச்சில் இருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, எனக்குத் தெரிவதற்கு முன்பே ஆசிரியர் அறையில் சொன்னவர் அவர்தான். அன்று நான் உள்ளே நுழைந்தபோது எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த மௌனம் இன்னும் காதில். அதற்கு அடுத்த வருடம்தான் எனக்கு வர வேண்டிய தலைமை ஆசிரியர் பதவி எனக்குப் பின்னால் சேர்ந்த கணக்கு வாத்தியாருக்குப் போனது. வீட்டை ஆளத் தெரியாதவன் பள்ளியை எப்படி ஆள்வான் என்று கமிட்டியில் யாரோ கேட்டார்களாம்.

எனவே மெட்ராஸ் புத்தகக் கடைக்குக் கடிதம். தமிழில்தான் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பார்கள் என்றால் அந்த மதிப்பு வேண்டாம். "மராத்தான் பயிற்சி வழிகாட்டி ஒன்று, நல்லதாக, வி.பி.பி.யில் அனுப்பவும். பூனா செல்ல வேண்டியிருப்பதால் தாமதம் கூடாது."

தபால் பெட்டியில் போட்டுவிட்டு நிமிரும்போது ஒரு கற்பனை. எழுதி வைக்கிறேன், யாரும் பார்க்கப் போவதில்லை. பூனாவில் ஒரு தெரு. இருபுறமும் ஜனம். நான் ஓடி வருகிறேன், களைப்பில்லாமல். கூட்டத்தில் வ., இடுப்பில் குழந்தை. நான் பார்க்காததுபோல் போகிறேன். அவள்தான் கூப்பிடுகிறாள். "அப்பா."

அவ்வளவுதான். அதற்கு மேல் கற்பனை போகவில்லை. நிற்பேனா, ஓடிப்போவேனா, தெரியவில்லை.

செப்டம்பர் 12, புதன்

காலாண்டுத் தேர்வுக் கேள்வித்தாள் தயாரித்தது. ஒன்பதாம் வகுப்பு: பல்லவர். தூறல். குடை பள்ளியிலேயே.

பலராமனே வந்தார். மூன்றாம் பீரியட் முடிந்து மேசைமேல் புத்தகத்தை வைத்தார். நான் கேட்கவில்லை.

"இன்னா சார், ஊரே பாத்துக்கினு இருக்குது, நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. ஒலிம்பிக்ஸா?"

"உடம்புக்காக."

"உடம்புக்குன்னா நடந்தா போதுமே சார். நீங்க ஓடறது மாடு அவுத்துக்கினு போன மாரி இருக்குதாம். எங்க வூட்ல சொல்லுது."

அவர் போன பிறகும் புத்தகம் மேசையிலேயே இருந்தது. திருப்பிக் கொடுப்பதற்கும் அவரோடு பேச வேண்டும். எனவே கொண்டு வந்துவிட்டேன்.

ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஒருவர் எழுதியது. ஒழுங்கான புத்தகம். குடல் பற்றி ஒன்றும் இல்லை. எல்லாரும் வேகமாக ஓடித்தான் கெட்டுப்போகிறார்களாம். நீண்ட தூரத்துக்கு மெதுவாக ஓடிப் பழக வேண்டும். எவ்வளவு மெதுவாக என்பதற்கு ஓர் அளவுகோல்: பக்கத்தில் ஓடும் தோழனோடு மூச்சுத் திணறாமல் பேச முடிய வேண்டும். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம், குறைத்துக்கொள்.

தோழன்.

அதிகாரிக்கு ஒரு ரெஜிமென்டே இருந்தது. எனக்கு அண்ணனோடு பேச்சில்லை. பலராமனோடு வணக்கம் மட்டும். தலைமை ஆசிரியரோடு கோப்பு வழியாக. சரோஜாவோடு சாப்பாடு, பால், தபால். யாரோடு பேசிக்கொண்டு ஓடுவது?

செப்டம்பர் 14, வெள்ளி

தனியாகவே பேசி ஓடிப் பார்த்தேன். பைத்தியம் என்பார்கள். ஏற்கெனவே என்ன பெயர் குறைச்சல்.

முதலில் பல்லவர் வரிசை. சிம்மவிஷ்ணு, மகேந்திரன், நரசிம்மன், மறுபடி மகேந்திரன், பரமேசுவரன். ராஜசிம்மனோடு பாடப் பட்டியல் தீர்ந்துபோகிறது, ரோடு தீரவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னால் தூக்கம் வருகிறது. என் மாணவர்களின் நிலை இப்போது புரிகிறது.

பிறகு தானாகவே வேறு பேச்சு வந்தது. தலைமை ஆசிரியர் பற்றி. கமிட்டி பற்றி. அண்ணன், வார்டனின் தங்கை மகன். உரக்கவே பேசினேன், வயல்தான் இருபுறமும். சொல்லச் சொல்லக் கால் வேகம் பிடித்துவிட்டது. ரோட்டோரச் சத்திரத்தை எட்டுமுன் மூச்சு முட்டி மைல் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கோபம் நீண்ட தூரத்துக்கு உதவாது. அதிகாரி இதை எழுதவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

வி.பி.பி. இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 16, ஞாயிறு

கூரையில் ஓடு மாற்ற ஆள் வரவில்லை. மதியம் நல்ல மழை. நடுக்கூடத்தில் ஒழுகும் இடத்தில் அண்டா.

பூனாவிலிருந்து சரோஜாவுக்கு இன்லண்ட். அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள், எனக்குக் கேட்கட்டும் என்று. நான் மாதத் தேர்வு விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"கொழந்த நல்லாப் பேசுதாம். வசந்தாவ 'ஆயீ ஆயீ'ன்னுதான் கூப்புடுதாம். இன்னாங்க இது அநியாயம்? பெத்தவள, பாட்டியக் கூப்புடற மாரி ஆயான்னா கூப்புடுவாங்க? அப்ப என்ன இன்னான்னு கூப்புடும்?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"தமிழே வரலியாம். சொல்லிக் குடுத்தா அவரு வூட்டாளுங்களோட சேந்து மறந்துபோவுதாம். நாம போயி நின்னாக்கூடப் பேசத் தெரியாதுங்க அதுக்கு."

நாம் எங்கே போய் நிற்கப் போகிறோம் என்றேன்.

அவள் அண்டாவை ஒழுகலுக்கு நேராகத் தள்ளி வைத்தாள். ஒரு விடைத்தாளை இரண்டு தடவை திருத்தியிருக்கிறேன், இரண்டு வேறு மதிப்பெண்.

செப்டம்பர் 18, செவ்வாய்

வெயில். புரட்டாசி பிறந்துவிட்டது, வெயில் குறையவில்லை.

தபால்காரர் பள்ளிக்கே வந்துவிட்டார். "சார், வி.பி. வந்துக்குது. மெட்ராஸ்." பணம் கட்டி வாங்கி மேசைக்குக் கீழே வைத்துப் பிரித்தேன்.

"மராத்திப் பயிற்சி வழிகாட்டி. தமிழ் மூலம் மராத்தி கற்க எளிய முறை."

என் கையெழுத்தில் குறை இல்லை. பள்ளியில் என் கையெழுத்தைத்தான் கரும்பலகைக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். மராத்தான் என்றுதான் எழுதினேன். பூனா என்றும் எழுதியிருந்தேன் அல்லவா, கடைக்காரன் கணக்குப் போட்டிருக்கிறான்: பூனாவுக்குப் போகிறவனுக்கு மராத்தி வேண்டும். தமிழில் எழுதிய பாவம். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் இல்லை. இனிமேலும் தமிழில்தான் எழுதுவேன்.

கண்டனக் கடிதம் எழுதினேன், இரண்டு பக்கம். "படிக்கத் தெரியாதவர்கள் புத்தகம் விற்கும் காலம்" என்று ஒரு வரி நன்றாக வந்தது. காலையில் தபாலில் சேர்க்க வேண்டும்.

செப்டம்பர் 19, புதன்

கடிதம் இன்னும் சட்டைப் பையில். ஓட்டம் இல்லை, கால் வலி.

திருப்பி அனுப்புமுன் சும்மா புரட்டினேன். முன்னுரையில் ஒரு செய்தி. மராத்தியிலும் 'ள' உண்டாம். இந்தியில் கிடையாது. 'ழ' இல்லை, அது நம்மையும் மலையாளத்தையும் விட்டால் யாரிடமும் இல்லை. ஆனால் 'ள' இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு 'ள' வரும். "பிள்ளையார்பாளையம்" என்று சொல்லக் கொடுத்தால் தடுமாறாது.

உறவுப் பெயர்கள், பக்கம் பதினொன்று. ஆயீ: அம்மா. அப்படியானால் சரியாகத்தான் கூப்பிடுகிறது. பாபா: அப்பா. ஆஜீ: பாட்டி. ஆஜோபா.

ஆஜோபா: தாத்தா.

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கொட்டாவி விடுவதுபோல் ஒரு சொல்.

சரோஜாவிடம் சாப்பிடும்போது, "ஆயீன்னா அம்மாதான். உன்னை ஆஜீன்னு கூப்பிடும்" என்றேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினாள், போதும் என்ற பிறகும்.

செப்டம்பர் 21, வெள்ளி

புத்தகத்துக்குப் பழுப்புக் காகித அட்டை போட்டேன். அசல் அட்டையில், இந்திக்கும் மராத்திக்கும் பொதுவான நாகரி எழுத்து பெரிதாக. ரயில்வே ஸ்டேஷன் பலகையில் இதே எழுத்தைத் தார் பூசி அழித்த ஊர் இது. பூசியவர்களுக்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அட்டை போட்டும் பயனில்லை. முருகேசன் பார்த்துவிட்டான். மாலைக்குள் அண்ணன் வீட்டு வாசலில்:

"வாத்தியாரு இந்தி படிக்கிறாராம்பா."

"அதுக்குத்தான் காலைல ஓடறாரா? டில்லி வரைக்கும் ஓடுவாரு போல."

சன்னலை மூடினேன்.

ஆனால் காலை ஓட்டம் பற்றி எழுத வேண்டும். பேச்சுக்குத் தோழன் கிடைத்துவிட்டான். இரவு படித்த பாடத்தைச் சொல்லிக்கொண்டே ஓடினேன். துஜே நாவ் காய்? உன் பெயர் என்ன? ஒரு சொல்லுக்கு ஓர் அடி. துஜே. நாவ். காய். அடுத்த சொல் நினைவுக்கு வராவிட்டால் கால் தானாகத் தாமதிக்கிறது. அவசரப்பட முடியாது. பாணீ பாஹிஜே, தண்ணீர் வேண்டும். காடீ கிதீ வாஜதா ஸுடதே, வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும். இது நீளம், ஏற்றத்தில் சொல்ல முடியவில்லை. ஹீ ஸாடீ கேவட்யாலா, இந்தப் புடவை என்ன விலை. காஞ்சிபுரத்துக்காரனுக்கு இந்த வாக்கியம்! அவளுக்கு ஒரு புடவைகூட நான் கொடுத்து அனுப்பவில்லை. தறிகளுக்கு நடுவில் பிறந்த பெண், பதிவு அலுவலகத்துக்கு நைலான் புடவையில் போனாளாம்.

சத்திரம் தாண்டியாயிற்று. விலாக் குத்தல் இல்லை. மூச்சு சீராக. நான் தாண்டியதைக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன்.

கண்டனக் கடிதத்தைக் கிழித்தேன். பின்பக்கம் சுத்தமாக இருந்தது, சொற்களை எழுதி மனனம் செய்ய வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 23, ஞாயிறு

இதமான காற்று. வாழ்நாளில் இவ்வளவு நல்ல காலை அபூர்வம் என்று எழுத நினைத்தேன், அதற்குள் பின்னால் சைக்கிள் மணி. பலராமன்.

"ஓடுங்க ஓடுங்க. நிக்காதீங்க. நான் சும்மா கூட வரேன். இன்னா சார் முணுமுணுத்துக்கினு வரீங்க, சுலோகமா?"

"ஒன்றுமில்லை."

"பேசுங்க சார், பேச முடியுதான்னு பாப்போம். அந்தத் தொரை எழுதிக்கிறாரில்ல."

பேசச் சொன்னார் அல்லவா. நாலு வருடமாக உள்ளே இருந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல என் பொண்ணைப் பத்தி என்ன சொன்னீங்க?"

சைக்கிள் கொஞ்சம் ஆடியது.

"இன்னும் அதையே வெச்சிக்கினு இருக்கீங்களா சார்."

"என்ன சொன்னீங்க?"

"பீச்சுல பாத்தேன்னு சொன்னேன். தமிழ் வாத்தியாரு உடனே யார்கூட, யார்கூடன்னாரு. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல சார், அவரா முடிச்சி போட்டுக்கினாரு. நான் சொன்னது வேற. பொண்ணு சுண்டல் துன்னுக்கினு, அலை வந்தா பொடவையத் தூக்கிக்கினு ஓடிக்கினு, அப்டி ஒரு சிரிப்பு. நம்ம சார் பொண்ணு இவ்ளோ சிரிக்கும்னு இன்னிக்குத்தாம்பா தெரிஞ்சிதுன்னேன். அவ்ளோதான். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

அவரே தொடர்ந்தார்.

"சார், ஒண்ணு கவனிச்சீங்களா? இவ்ளோ பேசறீங்க, மூச்சு வாங்கல. கரெக்ட் ஸ்பீடு."

மணி அடித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

நம்பவில்லை. பாதி நம்புகிறேன். தமிழாசிரியரைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.

வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் உள்ளே சிரிப்பு நின்றுபோகும். அது மரியாதை என்று இருந்தேன். சிரிக்கும்போது எப்படி இருப்பாள்? பலராமன் பார்த்திருக்கிறார். அந்த மராத்திக்காரன் தினம் பார்க்கிறான். சுண்டல்காரன்கூடப் பார்த்திருப்பான்.

செப்டம்பர் 26, புதன்

அமாவாசை. வாழைக்காய், பூசணி. காக்கைக்குச் சோறு வைத்தது. வரவில்லை, பிறகு இரண்டு வந்தன.

மாலை வாசகசாலை. அதே பக்கம், அதே மூலை. ஜனவரி மராத்தான் பூனாவில் இல்லை. டில்லிக்கு மாற்றியாயிற்று. காரணம் போடவில்லை. எப்போது காரணம் சொல்லியிருக்கிறார்கள்.

வாசகசாலைக்காரர், "இன்னா சார், அந்த வேல இன்னா ஆச்சு?" என்றார்.

வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்றேன்.

அந்தத் தெரு போயிற்று. இருபுறமும் ஜனம், இடுப்பில் குழந்தை, எல்லாம். அவளாகப் பார்த்து அவளாகக் கூப்பிடுவதற்கு இருந்த ஒரே இடம்.

செப்டம்பர் 27, வியாழன்

ஓடவில்லை. ஷூ வாசற்படிக்கு அருகில். சரோஜா இரண்டு தடவை தாண்டிப் போனாள்.

"ஒடம்பு சரியில்லயா?"

"பூனாவில் ஓட்டம் இல்லையாம். டில்லியாம்."

"அப்ப டில்லிக்குப் போயி ஓடறது."

"டில்லியில் எனக்கு என்ன வேலை?"

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"பூனாவுல மட்டும் இன்னா வேலயாம்?"

நான் பேப்பரை எடுத்தேன். நேற்றைய பேப்பர். அவள் முறத்தை ஒருமுறை தட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல், கல்லிடம் சொல்வதுபோல்:

"டிக்கெட் எடுத்தா ரயிலே கொண்டுபோயி வுடுது. அரக்கோணத்துல பூனா வழியாப் போற பம்பாய் வண்டி நிக்குதுன்றாங்க. இன்னாத்துக்குங்க ஒரு மனுசன் இருபத்தாறு மைல் ஓடிக்கினு போவணும் பொண்ணப் பாக்க?"

வ. தானாக வந்து பார்க்கட்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நாலு வருடமாகச் சொல்லும் பதில்தான். இன்று வரவில்லை.

பள்ளியில் தேர்வு மேற்பார்வை. ஒன்பது 'பி'. ஒருவன் நரசிம்மவர்மனை இலங்கைக்கு அரசனாக்கியிருக்கிறான்.

செப்டம்பர் 28, வெள்ளி

தெருவில் யார் வீட்டிலோ கொலு பார்க்கப் பெண்கள் கூட்டம். சுண்டல் மணம் வாசல் வரை.

பாடம் பன்னிரண்டு: "ஒருவர் வீட்டுக்குச் செல்லுதல்." இதுவரை தாண்டித் தாண்டி வந்த பாடம். ஸ்டேஷனும் கடையும் ஓட்டலும் போதும் என்று இருந்தேன். மாஃப் கரா, மன்னியுங்கள். நம் ஆற்காட்டுப் பக்கத்தில் மாப்பு என்கிறார்களே, அதே சொல்தான். அது முந்தின பாடத்தில், ரயிலில் காலை மிதித்துவிட்டால் சொல்ல வேண்டியது. வீட்டுக்குப் போகும் பாடத்தில் அது இல்லை. பார்த்தேன், இல்லை. சற்று நிம்மதி.

என் பேத்தியிடம் நான் யார் என்று சொல்ல ஒரு வாக்கியமும் இந்தப் புத்தகத்தில் கிடையாது. புத்தகம் எழுதியவனுக்கு அப்படி ஒரு தேவை வரும் என்று தோன்றவில்லை. சொற்களைப் பொறுக்கி நானே கட்டினேன். மீ துஜா ஆஜோபா. நான் உன் தாத்தா. சரியா, தவறா, திருத்த ஆள் இல்லை. தவறாக இருந்தால் வ. திருத்தட்டும். சிரித்தாலும் சரி.

செப்டம்பர் 29, சனி

புரட்டாசிச் சனி. வரதர் கோயில் பக்கம் போகவே முடியாத கூட்டம். தேர்வு முடிந்தது, லீவு.

பலராமன் வீட்டுக்குப் போய் ஆங்கிலப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். முதல் தடவை அந்தப் படி ஏறுகிறேன். அவர் மனைவி காப்பி கொடுத்தார், மறுக்க வழியில்லை. சர்க்கரை அதிகம்.

"வுட்டுட்டீங்களா சார்? நல்லா வந்துக்கினு இருந்தீங்களே."

"விடவில்லை. வேறு கைடு கிடைத்துவிட்டது."

"யார் எழுதினது? எனக்கும் குடுங்க, பாக்கறேன்."

"உங்களுக்குப் பயன்படாது" என்றேன். வேறு என்ன சொல்வது.

வரும் வழியில் ஸ்டேஷன். கவுண்டரில் கேட்டேன், அரக்கோணம் வண்டி, அங்கிருந்து பம்பாய் வண்டி, எத்தனை மணிக்கு. கேட்கும்போது வாயில் முதலில் வந்தது "காடீ கிதீ." கவுண்டர்காரன் நிமிர்ந்து பார்த்தான். தமிழில் மறுபடி கேட்டேன்.

சரோஜா டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டுதானே?" என்றாள். இரண்டுதான். உடனே எழுந்து போய் அண்ணன் வீட்டுக் கொல்லைப் பக்கமாக அண்ணியிடம் சின்னப் பாவாடைத் துணி கிடைக்குமா என்று கேட்கிறாள், ஊர் முழுக்கக் கேட்கும் குரலில். பட்டு, அரக்கு, சின்னக் கரை. "மூணு வயசுக்குத்தாங்க்கா, எங்க பேத்திக்கு."

அண்ணன் குரல்: "எவ்ளோ ஒசரம்னு சரியாச் சொல்லு. தச்சிக்கினு போயி பத்தலன்னா அசிங்கம்."

சன்னலை மூட எழுந்தேன். மூடவில்லை.

செப்டம்பர் 30, ஞாயிறு

இரவு பெய்திருக்கிறது. ரோடு ஈரம். மண் வாசனை. ஷூ இடது பக்கம் தையல் விட்டிருக்கிறது, பூனாவுக்கு முன் கொடுக்க வேண்டும். தெருவில் பாவு இல்லை, ஈரத்தில் நீட்ட மாட்டார்கள். வாசலிலிருந்தே நேராக ஓடினேன்.

இன்று முதல் தடவையாகத் திருப்புட்குழி வரை. குளக்கரையில் கொஞ்ச நேரம். திரும்பி வர மனமில்லை, ஆனால் கட்ட வேண்டிய மூட்டை இருக்கிறது.

போகவும் வரவும் ஒரே வாக்கியம். பாடம் பன்னிரண்டு, முதல் வரி. கதவுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டியது. ஆத் யேஊ கா? உள்ளே வரலாமா? நாலு அடிக்கு ஒரு தடவை. மூச்சு ஒரு இடத்திலும் முட்டவில்லை.

அதற்கான பதிலும் புத்தகத்தில் அடுத்த வரியிலேயே இருக்கிறது. யா, பஸா. வாருங்கள், உட்காருங்கள். அதை நான் சொல்லிப் பார்க்கவில்லை. அது வசந்தா சொல்ல வேண்டியது.